தாது மேட்டின் வெயில் பக்கம்

என்னைப் பற்றி எங்கள் பழைய கம்பெனியில் ஒரு கதை உலவுகிறது. கடலுக்குள் போய்விட்ட கப்பலை ஒரு சாம்பிள்காரன் திரும்பக் கூப்பிட்டானாம். அதனால் இருபத்துச் சொச்சம் உயிர் பிழைத்ததாம். அந்தச் சாம்பிள்காரன் நான்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரப் பயிற்சியிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள் என்று கேள்வி. நல்ல வேளை, சிலை வைக்கவில்லை.

போன மாதம் பர்வீன் போன் செய்தாள். ராயப்பேட்டைப் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு கம்பெனியின் சென்னை ஆய்வகத்தில் சேர்ந்தவள். நான் அவளை நேரில் பார்த்தது இரண்டே முறை.

"சார், இப்பல்லாம் தாது ஓடற பெல்ட்டு மேலயே மெஷின் வெச்சிட்டாங்க. மண்ணு ஓடச்சொல்லவே ஈரம் எவ்ளோன்னு காட்டிடுது. சாம்பிள் எடுக்க ஆளே தேவயில்ல. அதான் பழைய ஆளுங்ககிட்ட எழுதி வாங்கறோம். உங்க கப்பல் கதைய நீங்களே எழுதிக் குடுங்க சார்."

"அதான் எல்லாருக்கும் தெரியுமேம்மா."

"உங்க வாயால யாரும் கேட்டதில்லயாமே சார்? நான் விசாரிச்சேன்."

கெட்டிக்காரி. உண்மைதான், நான் அதை முழுதாக யாருக்கும் சொன்னதில்லை. என் மனைவி ரோசலின் போய் நாலு வருடம் ஆகிறது, அவளுக்குக்கூடச் சொன்னதில்லை. அபிராமபுரத்தில் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். சில நாள் காஸ் சிலிண்டர் போடுகிறவர் வந்து பெல் அடிக்கும்போது "யாரு" என்று கேட்டால் குரல் வராது. காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசியிருக்கமாட்டேன். அப்படிப்பட்டவனை எழுதச் சொன்னால் மொத்தத்தையும்தான் எழுதுவான். பர்வீன், பொறுத்துக்கொள்.

நான் பட்டினப்பாக்கத்துப் பையன். அப்பா கட்டுமரம், அம்மா மீன் கூடை. எங்கள் வரிசையில் காலேஜ் போன முதல் ஆள். வேதியியல் படித்தேன், பாஸ் ஆனேன், கப்பல் சரக்கைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. சென்னையில் மூன்று மாதம் தராசு பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு மேற்குக் கடற்கரையில் ஒரு தாதுத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே என் வாழ்க்கையில் பாதி போனது.

அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. ஆற்று முகத்துவாரம். பின்னால் மலை, முன்னால் கடல், நடுவில் ஒரு தெரு. ரயில் கிடையாது. பஸ் வந்து திரும்பிப் போகும் கடைசி ஊர். ஒரு காலத்தில் உப்பும் தென்னங்கயிறும் ஏற்றுமதி ஆன குட்டித் துறை. பிறகு மலையில் இரும்புத்தாது கிடைத்தது. வெட்டி எடுத்து ஆற்றில் பார்ஜ் என்ற தட்டைப் படகுகளில் கொண்டுவந்து, கடலுக்குள் தள்ளி நிற்கும் கப்பலில் ஏற்றினார்கள். முதலில் கட்டித் தாதுவுக்குத்தான் விலை. உடைக்கும்போது உதிரும் பொடியைக் குப்பையாகக் கரையில் கொட்டினார்கள், அது மலை மலையாகக் குவிந்துகிடந்தது. பிறகு வெளிநாட்டில் பொடியையும் வாங்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், குப்பை சோறு போட ஆரம்பித்தது. லாட்ஜ் வந்தது, சினிமாக் கொட்டகை வந்தது, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஊருக்கே சிவப்புத் தூசி. வெள்ளைச் சட்டை போட்டவனைப் பார்த்தால் இன்றைக்குத்தான் வந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும்.

வருடத்தில் எட்டு மாதம்தான் வேலை. மழை தொடங்கினால் முகத்துவாரம் மூடிவிடும். நாலு மாதம் ஊர் அடைகாக்கும். ஆகவே மழைக்கு முன்னால் வரும் கடைசிக் கப்பல் என்பது லேசான விஷயமில்லை. அந்தக் கப்பல் ஏற்றின கூலியில்தான் பார்ஜ்காரன் முதல் இட்லிக் கடை வரை மழைக்காலம் முழுக்க ஓட்டவேண்டும். கடைசிக் கப்பலுக்கு மட்டும் தாது மேட்டுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைப்பார்கள். கிழக்குப் பக்கம், காலை வெயில் நேராக விழும் பக்கம்தான் பூசை. முதல் மண்வெட்டி அங்கேதான் விழவேண்டும். சாம்பிளும் அங்கிருந்தே எடுக்கவேண்டும் என்று மேஸ்திரிகள் ஆசைப்படுவார்கள். எடுக்கும் ஆளுக்கு இளநீர் வெட்டித் தருவார்கள்.

எங்கள் ஆய்வகத்துக்குப் பெரியவர் வரதராஜன் சார். மயிலாப்பூர்க்காரர். அவர் வீட்டுக்கும் எங்கள் குப்பத்துக்கும் நடுவில் பத்து நிமிட நடைதான். ஆனால் நாங்கள் சந்திக்க அறுநூறு மைல் தாண்டி அந்தச் சிவப்பு ஊருக்குப் போகவேண்டியிருந்தது. கத்தமாட்டார். பென்சிலைத் தவிர எதிலும் எழுதமாட்டார். எந்தச் சமாச்சாரத்தைக் கொண்டுபோனாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"எப்போ?"

"சார், பார்ஜுல ஓட்டை விழுந்து—"

"எப்போடா? மொதல்ல நேரத்தச் சொல்லு. சங்கதி எங்கயும் ஓடிப்போயிடாது."

என்னை 'டேய் அந்தோணி' என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், "எங்காத்துல இருந்து வத்தக்குழம்புப் பொடி வந்திருக்கு, வந்து சாதம் வடி" என்பார். நான் வடிப்பேன், அவர் குழம்பு வைப்பார். அந்த ஊரில் எனக்கு வாய்த்த வீடு என்றால் அந்த மனிதர்தான்.

தாதுப் பொடியில் ஈரம் ஏன் பார்க்கிறோம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டித் தாது நனைந்தால் தண்ணீர் வடிந்துவிடும். பொடி அப்படியில்லை, உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். கையில் எடுத்தால் உலர்ந்த மண் மாதிரியே இருக்கும். கப்பலில் கொட்டி, இன்ஜின் அதிர்ந்து, அலை ஆட்ட ஆட்ட, அந்தத் தண்ணீர் மேலே வரும். மண் கூழாகும். கூழ் ஒரு பக்கம் சாயும், கப்பல் கூடவே சாயும், நிமிராது.

இதற்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. ஒரு தகர டப்பாவில் பாதி வரை பொடி போட்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் இருபத்தைந்து தரம் தட்டவேண்டும். மேலே தண்ணீர் பளபளத்தால் ஏற்றக்கூடாது. சரியான கணக்கு வேண்டுமென்றால் எடை போட்டு, ஓவனில் நூற்றைந்து டிகிரியில் எடை குறைவது நிற்கும் வரை உலர்த்தி, மறுபடி எடை போடவேண்டும். எந்தத் தட்டு எத்தனை மணிக்கு உள்ளே போனது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று ஓவன் புத்தகத்தில் எழுதவேண்டும். இதெல்லாம் ஒரு குழந்தைகூடச் செய்யும். கஷ்டம் சாம்பிள் எடுப்பதில்தான். மேட்டை வெட்ட வெட்ட உள்முகம் தெரியும். ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் புது முகத்திலிருந்து எடுக்கவேண்டும். மேட்டின் தோலில் எடுத்தால் அது வெயிலின் ஈரத்தைத்தான் சொல்லும், மேட்டின் ஈரத்தைச் சொல்லாது.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. இரண்டு நாள் கொட்டிவிட்டு மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில். கடைசிக் கப்பல் வெளியே நின்றுகொண்டிருந்தது. எனக்கோ உடம்பு இங்கே, உயிர் சென்னையில். ரோசலினைத் தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வெளியூர் பேச ஊருக்கே தபாலாபீஸில் ஒரு டிரங்க் கால் போன்தான். பதினோரு மணிக்கு மேல் எந்த நேரமும் லைன் கிடைக்கலாம் என்றார் போஸ்ட்மாஸ்டர்.

மணிக்கு ஒரு சாம்பிள் என்று எட்டு மணி நேரம் மேட்டடியில் நிற்கவேண்டியவன், ஒரே மூச்சில் எட்டுப் பையையும் நிரப்பினேன். பூசை போட்ட கிழக்குப் பக்கத்தில், மேலாகச் சுரண்டி எடுத்தேன். இளநீரையும் குடித்தேன். பைகளில் ஒன்பது மணி, பத்து மணி, பதினொன்று என்று வரிசையாக எழுதிவிட்டுத் தபாலாபீஸுக்கு ஓடினேன்.

லைன் கிடைத்தது. மறுமுனையில் மச்சினன் கத்துகிறான்.

"மாமா! பொண்ணு பொறந்துகீது மாமா! அக்கா நல்லாகீது! கேக்குதா? கொயந்த உன்ன மாரியே மொறச்சிக்கினு கீது!"

தெருவில் நின்று அழுதேன். இட்லிக் கடைக்காரர் வாயில் சர்க்கரை போட்டார். ராத்திரி ஓவனிலிருந்து எடுத்தால் எட்டு சாம்பிளும் நல்ல உலர்வு. கையெழுத்துப் போட்டேன். வரதராஜன் சாரும் சிரித்துக்கொண்டே போட்டார். "பொண் கொழந்த பொறந்த வேள, கப்பல் ஜம்முனு போகும்டா" என்றார்.

மறுநாள் மத்தியானம் கப்பல் கிளம்பியது. மூன்று மணி வாக்கில் கடைசி பார்ஜ் காலியாகத் திரும்பி வந்தது. நான் சும்மாதான் துறைக்குப் போனேன். பார்ஜின் அடியில் மிச்சம் ஒட்டியிருந்ததை ஒருவன் மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தான். மண் வரவில்லை. கேழ்வரகுக் களி மாதிரி வழிந்தது.

அதில் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தேன். சார் அப்போது கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் இருந்தார். நான் தனியாகத் தட்டினேன். பத்தாவது தட்டிலேயே தண்ணீர் மேலே வந்து நின்றது. இருபத்தைந்து வரை தட்டினேன், ஏன் என்று கேட்காதீர்கள். அப்போது மணி நாலு. கப்பல் கிளம்பி நாலு மணி நேரம். கடல் தட்டு மாதிரி கிடந்தது. ஏஜெண்ட் ஆபீஸுக்கு இருநூறு அடி நடந்து ஒரு வார்த்தை சொன்னால், ராத்திரி படுக்கும் நேரத்துக்குள் கப்பல் திரும்பி வந்திருக்கும்.

நான் நடக்கவில்லை.

ஓவன் முடிவு வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மண்ணை ஒரு தட்டில் போட்டு உள்ளே வைத்து, பழக்க தோஷத்தில் ஓவன் புத்தகத்தில் நேரமும் எழுதினேன். மணி நாலே கால். உண்மை என்னவென்றால் பயம். வேலை போய்விடும். முந்தாநாள் வரை நான் ஒருத்தன், இன்றைக்கு ஒரு பெண்ணுக்கு அப்பன். கப்பல் திரும்பினால் சரக்கை இறக்கவேண்டும், ஊரே பட்டினி கிடக்கும், எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்துவிட்டால்? எத்தனையோ கப்பல் போகவில்லையா?

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கரையில் இருப்பவன் கடலில் ஏதாவது மாற்றம் கண்டால் உடனே கத்தவேண்டும். அவன் குழந்தையா கிழவனா, குடித்திருக்கிறானா என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள். அவன் சொன்னது பொய்யாகப் போனாலும் ஒருத்தரும் கேலி செய்யமாட்டார்கள். "தண்ணில ஆளு கீறப்ப கரைல வாய மூடிக்கினு குந்தினவன் மன்சனே இல்ல" என்பாள் அம்மா. நான் அந்த அம்மாவின் பிள்ளை. அந்த இரவைப் பற்றி ஒன்றும் எழுதமாட்டேன்.

காலை ஆறு மணிக்குக் காற்று திரும்பியது. மரங்கள் ஆடுவதைப் பார்த்ததும் ஓடினேன். சார் பல் விளக்கிக்கொண்டிருந்தார். டப்பாவை நீட்டினேன். பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது. வாய் கொப்பளித்தார், துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எப்போ?"

"இப்பத்தான் சார். காலையில பார்ஜுல பாத்தேன்."

வேறு எதுவும் கேட்கவில்லை. சட்டை போடாமல் துண்டோடு ஏஜெண்ட் ஆபீஸுக்கு நடந்தார். அவரை அந்தக் கோலத்தில் அந்த ஊர் பார்த்ததில்லை. டெலக்ஸ் அடித்தார்கள், கரை வானொலி நிலையத்துக்குச் சொன்னார்கள். ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. கப்பல் ஏற்கனவே சாய ஆரம்பித்திருந்தது. எங்கள் செய்தியைப் பார்த்ததும் கேப்டன் காரணம் புரிந்து, வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பி, மெதுவாக ஒரு விரிகுடாவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். செய்தி வராமல் அதே வேகத்தில் போயிருந்தால் மதியத்துக்குள் கவிழ்ந்திருக்கும் என்றார்கள். இதுதான் நீங்கள் சொல்லும் கதை. இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் அன்று விடிகாலை ஐந்து மணிக்கு, கப்பல் முதன்முதலாகச் சாய்ந்தபோது, சரக்கறை மூடியை இறுக்கப் போன ஒரு மாலுமி சறுக்கிக் கடலில் விழுந்துவிட்டார். தேடினார்கள். கிடைக்கவில்லை.

எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. மேட்டின் தோலில் சாம்பிள் எடுத்ததை நானே ஒப்புக்கொண்டேன். அந்தக் காலத்தில் பல பேர் அப்படித்தான் எடுத்தார்கள், மன்னித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வெட்டிய புது முகத்தில் எடுத்தால்தான் செல்லும் என்று விதி போட்டார்கள். அந்தக் கப்பலின் கூலி ஊருக்கு வரவில்லை. ஊர் என்னை மன்னிக்கவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. இட்லிக் கடைக்காரர் இலையைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் போவார். அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்.

வரதராஜன் சார் மறுநாள் ஆய்வகத்துக்கு வந்தார். ஓவன் புத்தகத்தைப் பிரித்தார், பார்த்தார், மூடினார். பிறகு என்னிடம், "மிஸ்டர் அந்தோணி, நீங்க அந்த ரிப்போர்ட்ட டைப் பண்ணிடுங்கோ" என்றார்.

நீங்க. மிஸ்டர். அத்தனை மரியாதையை எனக்கு ஒருவரும் அதுவரை கொடுத்ததில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒரு நாள்கூட 'டேய்' வரவில்லை, சாதம் வடிக்கக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அறையிலிருந்து குழம்பு வாசனை வரும். நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அவர் மாற்றலாகிப் போனார். நான் அங்கேயே இருந்தேன். குடும்பத்தை அழைத்துவர நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் ஒரு சாக்குதான். பிறகு சுரங்கங்கள் மூடின. பார்ஜுகளை வெட்டி இரும்பாக விற்றார்கள். கொட்டகை போயிற்று, லாட்ஜ் போயிற்று, வந்தவர்கள் எல்லாம் வந்த வழியே போனார்கள். கடைசியாக ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தது நான்தான். ஆற்றில் சிவப்பு வடிந்து தண்ணீர் பச்சையாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அழகாகத்தான் இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்த பிறகு, வரதராஜன் சார் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். மயிலாப்பூரில் அவர் தெருவைத் தவிர்த்துக் காய்கறி வாங்கப் போவதென்றால் கூடுதலாக ஒரு கால் மணி நேரம் நடக்கவேண்டும். பல வருடம் நடந்தேன். ரோசலின் போன பிறகு ஒரு நாள் நேராகவே போய்க் கதவைத் தட்டிவிட்டேன். தொண்ணூறைத் தொட்டிருந்தார். கண் மங்கல், காது தெளிவு.

"சார், அன்னிக்குக் காலையில தெரிஞ்சதுன்னு நான் சொன்னது பொய். முந்தின நாள் நாலு மணிக்கே தெரியும்."

"நாலே கால்" என்றார். "ஓவன் புஸ்தகத்துல எழுதியிருந்தியே."

"தெரிஞ்சும் ஏன் சார் ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்டா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ரொம்ப நாழி பண்ணிட்ட."

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, விலக்கவும் இல்லை. மருமகள் காபி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அவர் போய்விட்டார்.

என் மகள் அமலி அடையாறில் இருக்கிறாள். ஆற்றைத் தாண்டினால் அவள் வீடு, ஆனாலும் மாதம் ஒரு தடவைதான் பார்த்துக்கொள்கிறோம். அது என் வளர்ப்பு, அவளைக் குறை சொல்லமுடியாது. அவள் பிறந்தநாளில் நான் ஒரு தடவைகூடச் சரியாகச் சிரித்ததில்லை. கேக் வெட்டும்போது கடிகாரத்தைப் பார்ப்பேன். "பொண்ணா பொறந்துட்டேன்னு உங்களுக்கு வருத்தமாப்பா?" என்று பதினைந்து வயதில் ஒரு முறை கேட்டாள். போடி பைத்தியம் என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. நான் நேரத்துக்குச் சொல்லாத இன்னொன்று அது.

அதனால் பர்வீன், உனக்கு அனுப்பும் முன் இதை அமலியிடம் கொடுத்தேன். போன ஞாயிறு வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்தாள். நான் சமையலறையில் கழுவின பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தேன். பிறந்தநாள் வரும் இடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வந்து என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதுகூட அப்படி நின்றதில்லை. மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் கேட்டாள்.

"அப்பா, விழுந்தவரோட பேரு என்னப்பா?"

வாயைத் திறந்தேன். கப்பலின் பெயர் தெரியும். மேட்டின் எண் தெரியும், ஓவன் தட்டின் எண் தெரியும். அன்று ஏஜெண்ட் ஆபீஸில் அந்தப் பெயரைப் படித்தார்கள். படிக்க ஆரம்பித்ததும் டப்பா கழுவவேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை.

"தெரியாதும்மா."

அமலி தாள்களை அடுக்கி மேசையில் வைத்தாள்.

பர்வீன், பழைய கோப்புகள் எல்லாம் உங்கள் கிடங்கில்தான் இருக்கின்றன. அந்தக் கப்பலின் கோப்பில் அவர் பெயர் இருக்கும், எந்த ஊர் என்றும் இருக்கும். தேடிக் கொடு. நானே வந்து தேடுகிறேன் என்றாலும் சரி, வருகிறேன். அது கிடைக்கும் வரை இதை எங்கேயும் போடாதே. கிடைத்த பிறகு, புதிதாக வருகிறவர்களுக்கு அவர் பெயரைச் சொல்லி ஆரம்பியுங்கள். என் பெயர் எதற்கு?